அஞ்சரைக் கிலோ ஏத்திட்டா குடுத்துருவாங்களாங்க டாக்டர்?

இது நீளமான பதிவு. குடும்பத்தில் யாருக்காவது உடல் எடை ரொம்ப அதிகமாக இருந்து, கூடவே மெடிக்கல் இன்சூரன்ஸும் இருந்தால் பொறுமையாகப் படிங்க. மற்றவங்களும் படிக்கலாம். இதில் நடந்த தப்புகளில் ஒன்று என்னுடையது.

போன மாசம் ஒருநாள், ஓ.பி. முடியற நேரம். எங்க பகுதி அக்கா ஒருத்தர் உள்ளே வந்து உட்கார்ந்தார். கையில் மஞ்சள் பை, பைக்குள் தடிமனான ஒரு ஃபைல். நான் "சொல்லுங்கக்கா" என்றதும் முதல் கேள்வியே இதுதான்:

"இன்னும் அஞ்சரைக் கிலோ ஏத்திட்டா குடுத்துருவாங்களாங்க டாக்டர்?"

எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்கு ஆறு மாசமாக இன்சூரன்ஸ் அனுமதி கேட்டு அலையறவர், அந்த அனுமதிக்காக எடையை ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிறார். வேடிக்கைக்குக் கேட்கவில்லை. பையன் மொபைலில் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

கணக்கு சரிதான். உயரம் 152 செ.மீ., எடை 87 கிலோ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் வருவது பி.எம்.ஐ. இவருக்கு 37.7. அது 40 ஆக வேண்டுமானால் எடை சுமார் 92.4 கிலோ இருக்கணும். பாக்கி 5.4.

ஏன் 40? அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. (அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதறேன். ஆள் தெரியாமல் இருக்க சில விவரங்களை மாற்றியிருக்கேன். கம்பெனி பேரைக் கேட்டு இன்பாக்ஸ் வராதீங்க, சொல்ல மாட்டேன். நான் சொல்லப்போவது ஒரு கம்பெனியின் கதை மட்டும் இல்லை.)

அக்காவுக்கு வயது 43. பல்லடத்துக்குப் பக்கத்தில் வீட்டோடு ஒட்டின ஷெட்டில் எட்டு தறி. கூலிக்கு ஓட்டறாங்க. நூலை ஜவுளிக்காரர் கொடுப்பார், நெய்த துணிக்கு மீட்டர் கணக்கில் கூலி. ராத்திரி ஷிப்டுக்கு ஆள் வராத நாளெல்லாம் அக்காவும் வீட்டுக்காரரும்தான் தறியில் நிற்பாங்க. ராத்திரி ஒரு மணிக்கு டீயும் வர்க்கியும். விடிகாலையில் படுத்தால் எட்டு மணிக்கு பையனை அனுப்ப எழுந்திருக்கணும். இருபது வருஷமா தூக்கம் இப்படித்தான்.

"நாள் பூரா நின்னுட்டே இருக்கறவங்களுக்கு உடம்பு எப்படிங்க ஏறும்?" என்று கேட்பவர்கள் உண்டு. நிற்பதால் பெரிதாக கலோரி எரியாது. தூக்கம் கெட்டால் பசியும் சர்க்கரையும் சேர்ந்து கெடும். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவங்க, தறி ஓட்டறவங்க, கறிக்கோழிப் பண்ணையில் ராத்திரி முழிக்கிறவங்க எல்லாரையும் ஒரே வரிசையில் உட்கார வைத்து சர்க்கரை பார்க்கிறவன் நான். கண்ணால் பார்ப்பதைச் சொல்றேன்.

இது நம்ம ஊர் மட்டும் இல்லை. தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பி.எம்.ஐ. 25-ஐத் தாண்டிய பெண்கள் 2015-16-ல் 30.9 சதவீதம். 2019-21-ல் 40.4 சதவீதம். ஐந்தே வருஷத்தில் பத்து பேரில் மூன்று பேர் என்பது பத்தில் நான்கு பேர் ஆகிவிட்டது. இத்தனை பேரும் திடீரென்று வாயைக் கட்ட மறந்துவிட்டார்கள் என்று நான் நம்பத் தயாராக இல்லை.

அக்காவுக்கு மூன்று பிரச்சினை. சர்க்கரை: இரண்டு மாத்திரையும் இன்சுலினும் போட்டும் எச்.பி.ஏ.1சி. 9.4. மூட்டு: படி ஏற முடியாது. மூன்றாவது குறட்டை. "தறிச் சத்தத்துலயே தூங்கிப் பழகினவருங்க எங்க வீட்டுக்காரரு. அவரே எந்திரிச்சு திண்ணைக்குப் போயிடறாரு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது சிரிக்கிற விஷயம் இல்லை. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருது. ஸ்லீப் ஆப்னியா.

முயற்சி செய்யாமலும் இல்லை. பேலியோ இருந்திருக்கார். கொள்ளுக் கஞ்சி குடித்திருக்கார். ஒரு பவுடர் டப்பாவுக்கு மாசம் ஆறாயிரம் கொடுத்திருக்கார். ஒருமுறை 9 கிலோ குறைந்து, அடுத்த வருஷத்துக்குள் 11 கிலோ ஏறியது. இது மன உறுதி இல்லாததால் வருவது இல்லீங்க. அதிக எடையில் பல வருஷம் இருந்த உடம்பு, எடை குறைந்ததும் அதைப் பட்டினி என்று எடுத்துக்கொள்ளும். பசியைத் தூண்டும் ஹார்மோன் கூடும், செலவாகும் சக்தி குறையும். உடம்பே நமக்கு எதிராக வேலை செய்யும்.

இந்த இடத்தில்தான் பேரியாட்ரிக் அறுவை வருகிறது. நான் எம்.பி.பி.எஸ். மட்டும்தான், சர்ஜன் இல்லை. அதனால் சுருக்கமாகச் சொல்றேன். ஸ்லீவ் என்ற முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் பெருமளவு சுரக்கும் பகுதி அதோடு போய்விடும். பைபாஸ் என்ற முறையில் குடலின் பாதையையும் மாற்றுவார்கள்.

லைப்போசக்‌ஷன் வேறு, இது வேறு. தொப்பையில் கொழுப்பை உறிஞ்சி எடுப்பது அழகு சிகிச்சை. பேரியாட்ரிக் என்பது சர்க்கரைக்கும் இதயத்துக்கும் மூச்சுக்கும் செய்யும் சிகிச்சை. அமெரிக்காவில் நடந்த ஸ்டாம்பீட் என்ற ஆய்வில் சர்க்கரை நோயாளிகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஐந்து வருஷம் கழித்து எச்.பி.ஏ.1சி. 6 அல்லது அதற்குக் கீழே வந்தவர்கள் மருந்து மட்டும் எடுத்த குழுவில் 5 சதவீதம், ஸ்லீவ் செய்த குழுவில் 23, பைபாஸ் குழுவில் 29 சதவீதம். மந்திரம் இல்லை, ஆனால் வித்தியாசம் சின்னதும் இல்லை. அந்த ஆய்வில் பி.எம்.ஐ. 27-ல் இருந்தே ஆட்களைச் சேர்த்திருந்தார்கள். இந்த 27-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க.

சரி, இன்சூரன்ஸ் கதைக்கு வருவோம்.

அக்காவின் குடும்ப பாலிசி 2019 ஜூனில் எடுத்தது. ஐந்து லட்சம். தறி ஓடாத மாசத்திலும் கடன் வாங்கியாவது பிரீமியம் கட்டியிருக்காங்க. கோவையில் ஒரு சர்ஜன் பார்த்து, அறுவை தேவை என்று எழுதி, ஆஸ்பத்திரியிலிருந்து பணமில்லா சிகிச்சைக்கு முன் அனுமதி கேட்டார்கள்.

முதல் பதில் ஒரே வரி: எடைக் கட்டுப்பாடு சார்ந்த சிகிச்சை பாலிசியில் விலக்கப்பட்டுள்ளது.

பெரும்பாலான குடும்பங்கள் இதோடு எழுந்து போய்விடும். ஏஜெண்டும் "ஆமாங்க, அது கவர் ஆகாது" என்று சொல்லிவிடுவார். பாலிசி புத்தகத்தைத் திறந்தால் விலக்குகள் என்ற தலைப்பின் கீழே "உடல் பருமன் / எடைக் கட்டுப்பாடு" என்று தடித்த எழுத்தில் இருக்கும். தலைப்பைப் பார்த்ததும் நம்பிவிடுவோம்.

தலைப்பை விடுங்க, கீழே இருக்கிற சின்ன எழுத்தைப் படிங்க. 2019 செப்டம்பரில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) எல்லா கம்பெனிக்கும் விலக்குகளுக்கு ஒரே வாசகத்தைக் கொடுத்தது. 2020 அக்டோபரிலிருந்து பழைய பாலிசிகளுக்கும் அதுதான். எக்ஸ்க்ளூஷன் 06 என்று குறியீடு போட்டிருக்கும். அது சொல்வது: கீழ்க்கண்ட நிபந்தனைகள் எல்லாம் பூர்த்தியாகாத உடல் பருமன் அறுவைக்குப் பணம் இல்லை. அப்படியென்றால் பூர்த்தியானால் உண்டு!

நிபந்தனைகள் இவை. டாக்டரின் ஆலோசனைப்படி இருக்கணும். மருத்துவ நெறிமுறைக்கு உட்பட்டதாக இருக்கணும். வயது 18 நிறைந்திருக்கணும். பி.எம்.ஐ. 40 அல்லது அதற்கு மேல் இருக்கணும். அல்லது குறைந்தது 35 இருந்து, கூடவே நான்கு நோய்களில் ஒன்று தீவிரமாக இருந்து, அறுவை இல்லாத எடை குறைப்பு முறைகள் தோற்றுப்போயிருக்கணும். அந்த நான்கு: பருமனால் வந்த இதயத்தசை பாதிப்பு, இதய ரத்தக்குழாய் நோய், தீவிர ஸ்லீப் ஆப்னியா, கட்டுக்குள் வராத டைப் 2 சர்க்கரை.

அதற்கு முன்னால் நிறைய பாலிசிகள் இதை மொத்தமாகவே விலக்கி வைத்திருந்தன. அந்த வகையில் 2019 ஒரு நல்ல மாற்றம். அதை மறுக்கவில்லை.

ஆனால் 40, 35 என்ற இந்த எண்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? 1991-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய ஒரு நிபுணர் கூட்டத்திலிருந்து. அப்போது இந்த அறுவை என்றால் வயிற்றை நீளமாகத் திறந்துதான் செய்தார்கள். இன்றைக்கு லேப்ராஸ்கோப்பியில் சில துளைகள் போட்டு செய்வது. ஆபத்து மாறிவிட்டது, எண் மாறவில்லை.

அதைவிட முக்கியம், அது அமெரிக்க உடம்புக்குப் போட்ட எண். நம்ம உடம்பு வேற.

2004-ல் லான்செட் இதழில் ஒரு பக்கக் கட்டுரை வந்தது. இரண்டு ஆராய்ச்சியாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் போட்டோ. ஒருவர் புனேயைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக், இன்னொருவர் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின். இருவருக்கும் பி.எம்.ஐ. அச்சு அசலாக 22.3. உடம்பில் உள்ள கொழுப்பை அளந்தால் யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒரே பி.எம்.ஐ., இரண்டு மடங்குக்கும் மேல் கொழுப்பு. எம்.பி.பி.எஸ். படிக்கும்போது இந்தப் போட்டோவைப் பார்த்துச் சிரித்தோம். இப்போது ஓ.பி.யில் உட்கார்ந்து பார்க்கும்போது சிரிப்பு வருவதில்லை. ஒல்லியாகத் தெரிகிறவருக்கு வயிற்றுக்குள் கொழுப்பு, முப்பது வயதில் சர்க்கரை.

ஆசியர்களுக்குக் குறைந்த பி.எம்.ஐ.-யிலேயே ஆபத்து கணிசமாக இருக்கிறது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழுவும் அதே 2004-ல் சொன்னது. இந்தியாவில் 25-ஐத் தாண்டினாலே பருமன் என்று நம் மருத்துவர்கள் 2009-ல் ஒத்த கருத்துக்கு வந்தார்கள். 2022-ல் இந்தத் துறையின் உலக அமைப்பும் அமெரிக்க அமைப்பும் சேர்ந்து, 1991 அளவுகளை மாற்றி புது வழிகாட்டுதல் வெளியிட்டன. பி.எம்.ஐ. 35 தாண்டினால் வேறு நோய் இல்லாவிட்டாலும் அறுவையைப் பரிந்துரைக்கலாம். 30-க்கு மேல் சர்க்கரை போன்ற வளர்சிதை நோய் இருந்தால் யோசிக்கலாம். ஆசியர்களுக்கு 27.5-லிருந்தே வாய்ப்பு தரலாம். பழைய எண்ணை உருவாக்கிய நாடே அதைக் கைவிட்டாச்சு. நம்ம பாலிசி புத்தகத்தில் மட்டும் அது பத்திரமாக இருக்கு.

புது வழிகாட்டுதல்படி அக்காவுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. பாலிசிப்படி அவர் தன்னுடைய நோயையும், தான் தோற்றதையும் நிரூபிக்கணும்.

சர்ஜனின் ஆஸ்பத்திரி மீண்டும் எழுதியது, எக்ஸ்க்ளூஷன் 06-ஐ மேற்கோள் காட்டி. இரண்டாவது பதில் வந்தது: அறுவை அல்லாத முறைகள் தோல்வியடைந்ததற்கு ஆவணம் இல்லை. தீவிர ஸ்லீப் ஆப்னியாவுக்குப் பரிசோதனை அறிக்கை இல்லை.

ஸ்லீப் ஸ்டடி செய்தார்கள். மணிக்கு 38 முறை மூச்சு தடைபடுது. 30-ஐத் தாண்டினாலே தீவிரம். அது முடிந்தது.

தோல்விக்கு ஆவணம்? இங்கேதான் எனக்கு உறைத்தது.

கொள்ளுக் கஞ்சிக்கு யார் பில் தருவார்? தறிக்கொட்டகையைச் சுற்றி நாற்பது நிமிஷம் நடந்ததற்கு என்ன ரசீது? எழுத்தில் ஏதாவது இருக்கணும் என்றால் அது எங்க ஓ.பி. நோட்டில்தான் இருக்கணும். நான்கு வருஷமாக மாசா மாசம் அந்த நோட்டோடு அக்கா வந்து போயிருக்கார். முப்பத்தி சொச்சம் பதிவுகள். பி.பி. இருக்கு, சர்க்கரை இருக்கு, மாத்திரை இருக்கு. எடை? இரண்டே இரண்டு இடத்தில். உயரம் ஒரு இடத்தில்கூட இல்லை. "எடையைக் குறைக்கச் சொல்லி அறிவுறுத்தப்பட்டது" என்று எத்தனை முறை எழுதியிருக்கோம்? பூஜ்யம். சொல்லியிருக்கோம், எத்தனையோ முறை வாயால் சொல்லியிருக்கோம், சமயத்தில் திட்டியும் இருக்கோம். எழுதலை.

காலையில் ஒரு டாக்டருக்கு நூற்றைம்பது, நூற்றெண்பது பேர். ஒருத்தருக்கு இரண்டு நிமிஷம் கிடைத்தால் பெரிது. எடை மெஷின் ஒரு மூலையில் இருக்கும், பேட்டரி இருக்காது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அந்த வெற்றிடம் ஒரே அர்த்தம்தான்: இவர் முயற்சியே செய்யவில்லை.

மூன்றாவது பதில்தான் என்னைத் தூங்க விடவில்லை.

"சர்க்கரை நோய் பாலிசி எடுக்கும் முன்பே இருந்துள்ளது. அது மறைக்கப்பட்டுள்ளது." ஆதாரமாக ஒரு ஓ.பி. நோட்டின் பக்கத்தை இணைத்திருந்தார்கள். அதில் "சர்க்கரை நோய், 10 வருடம்" என்று எழுதியிருக்கு. கையெழுத்து என்னுடையது.

உண்மையில் அக்காவுக்கு சர்க்கரை முதன்முதலில் தெரிந்தது 2021 மே மாசம், கொரோனாவுக்கு அட்மிட் ஆனபோது. டிஸ்சார்ஜ் சம்மரியில் "புதிதாகக் கண்டறியப்பட்டது" என்றே இருக்கு. அப்புறம் அந்தப் பத்து வருஷம் எங்கிருந்து வந்தது? எனக்கு நினைவில்லை. "அம்மாவுக்குப் பத்து வருஷமா இருக்குதுங்க" என்று அவர் சொல்லியிருக்கலாம், நான் அவசரத்தில் அவருக்கே எழுதியிருக்கலாம். "எத்தனை வருஷமா?" என்று கேட்டால் "அது ஆச்சுங்க ரொம்ப வருசம்" என்பார்கள், நாங்களும் அஞ்சு, பத்து என்று ஒரு ரவுண்டு எண் போடுவோம். டியூட்டி டாக்டர்கள் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. மருந்து அதனால் மாறப்போவதில்லை என்பதால் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் அந்த ரவுண்டு எண்ணை வரி வரியாகத் தேடிப் படிக்க எங்கோ ஒரு அலுவலகத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "நீங்க வேணும்னாங்க எழுதுனீங்க, டாக்டர் தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அவங்க வீட்டில் இப்போது ஓடும் யோசனை, இரண்டு தறியை விற்றுவிட்டு கையிலிருந்து கட்டி அறுவையைச் செய்துகொள்வது. பணமில்லா அனுமதி மறுக்கப்பட்டாலும் கிளைமே மறுக்கப்பட்டதாக அர்த்தமில்லை, பணம் கட்டிவிட்டு பிறகு கேட்கலாம் என்பது சட்டப்படி சரி. ஆனால் செலவு மூன்று லட்சத்தைத் தாண்டும். பழைய தறிக்கு இன்றைக்கு என்ன விலை என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். எடைக்குத்தான் போகும்.

அரசு காப்பீடு இல்லையா என்று கேட்பீங்க. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு வருஷம் ஐந்து லட்சம் வரை உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்கணும். எட்டு தறி வைத்திருப்பவருக்கு அந்தச் சான்று கிடைக்காது. இ.எஸ்.ஐ.? அது சம்பளத்துக்கு வேலை பார்ப்பவருக்கு, 21,000 வரை. தன் தறியைத் தானே ஓட்டுபவர் யாருக்கும் தொழிலாளி இல்லை. ஏழையும் இல்லை, தொழிலாளியும் இல்லை, முதலாளியும் இல்லை. நம்ம ஊரில் பாதிப் பேர் இந்த இடைவெளியில்தான் குடியிருக்காங்க. அவங்களுக்கு இருக்கிற ஒரே கதவு தனியார் பாலிசி.

(முதலமைச்சர் திட்ட அட்டை இருக்கிறவங்க 1800 425 3993 என்ற எண்ணில் கேளுங்க. சென்னையின் பெரிய அரசு மருத்துவமனைகள் சிலவற்றில் இந்த அறுவை நடந்திருக்கு. இ.எஸ்.ஐ. அட்டை உள்ளவங்க தனியாருக்கு ஓடுவதற்கு முன்னால் டிஸ்பென்சரியில் ரெஃபரல் கேளுங்க.)

கம்பெனிகள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். இந்த அறுவை எல்லாருக்கும் இல்லை. எடை குறைப்பை வியாபாரமாக்கி, போதிய தீவிர சிகிச்சை வசதி இல்லாத இடத்தில் கத்தி வைக்கிறவங்களும் இருக்காங்க. 2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னைப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில் இந்த அறுவையின்போது இறந்ததும், அரசு விசாரணைக் குழு அமைத்ததும் செய்தியில் பார்த்திருப்பீங்க. அறுவைக்குப் பிறகும் வாழ்நாள் முழுக்க வைட்டமின், பி12, இரும்புச்சத்து பார்த்துக்கணும். பழைய சாப்பாட்டுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும். அதனால் முன்கூட்டியே சோதிக்கணும் என்பதில் எனக்குச் சண்டை இல்லை.

எதைச் சோதிக்கிறீங்க என்பதில்தான் சண்டை. ஆஸ்பத்திரியில் ஐ.சி.யு. இருக்கா, சர்ஜனுக்குப் பயிற்சி இருக்கா, உணவு நிபுணரும் மனநல மருத்துவரும் குழுவில் இருக்காங்களா என்று கேளுங்க. "நீ எத்தனை தடவை தோத்தே, ரசீது காட்டு" என்று நோயாளியைக் கேட்காதீங்க. இதய அடைப்புக்கு ஸ்டென்ட் வைக்கப் போறவரிடம் "புகையை விட முயற்சி செய்து தோற்றதற்கு ஆவணம் கொடு" என்று யாராவது கேட்கிறாங்களா? பருமனை மட்டும் நோய் என்று ஏற்றுக்கொள்ளாமல் குற்றம் போல விசாரிக்கிறோம்.

அந்த நான்கு நோய்ப் பட்டியலும் எனக்குப் புரியவில்லை. ரத்த அழுத்தம் இல்லை. கொழுப்புக் கல்லீரல் முற்றினால்கூட இல்லை. நடக்கவே முடியாத மூட்டுத் தேய்மானம் இல்லை. "கட்டுக்குள் வராத" சர்க்கரை என்றால் எத்தனை என்று எண் இல்லை. எந்த நாளைய எடையை எடுப்பது என்பதும் இல்லை. அறுவைக்கு முன் ஈரல் சுருங்க இரண்டு வாரம் டயட் கொடுப்பது வழக்கம். அதில் பி.எம்.ஐ. 35-க்குக் கீழே போய்விட்டால்? டயட்டுக்குப் பயந்து சாப்பிட்டுக்கொண்டே அறுவைக்குப் போவதா? அக்கா கேட்ட கேள்வி இந்த வாசகத்திலிருந்து நேராகப் பிறந்தது.

இப்போது செய்ய வேண்டியவை. இதே நிலையில் இருப்பவங்க குறித்துக்கொள்ளுங்க.

மறுப்பு வந்தால் வாயால் கேட்டுவிட்டு வராதீங்க. எந்தப் பிரிவின் கீழ் மறுப்பு என்று எழுத்தில் வாங்குங்க. 2024 மே மாச ஐ.ஆர்.டி.ஏ.ஐ. சுற்றறிக்கைப்படி கம்பெனியின் உரிமைகோரல் பரிசீலனைக் குழு ஒப்புக்கொள்ளாமல் ஒரு கிளைமை நிராகரிக்க முடியாது. பணமில்லா முன் அனுமதிக்கு ஒரு மணி நேரத்தில் முடிவு சொல்லணும் என்பதும் அதில் இருக்கு.

பி.எம்.ஐ. 40-க்கு மேல் உள்ளவங்களிடமும் "தோல்வி ஆவணம்" கேட்கிறாங்க. வாசகத்தை நிதானமாகப் படிங்க. அந்தச் சொற்கள் 35-க்கான பகுதியோடுதான் ஒட்டியிருக்கு. அதைச் சுட்டிக்காட்டி எழுதுங்க.

"நோயை மறைத்தீங்க" என்று சொன்னால், பாலிசி எடுத்து எத்தனை மாசம் ஆச்சு என்று எண்ணுங்க. இடைவெளி இல்லாமல் 60 மாசம் முடிந்திருந்தால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்ததாகச் சொல்லி மறுக்க முடியாது. முன்பு இது எட்டு வருஷமாக இருந்தது, 2024 ஏப்ரலில் ஐந்தாகக் குறைந்தது. அக்காவின் பாலிசி அதைத் தாண்டியாச்சு.

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்க. கூடவே பீமா பரோசா தளத்தில் பதிவு செய்யலாம், 155255-க்கு போனும் செய்யலாம். ஒரு மாசத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர், அதாவது இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில். ஆன்லைனிலும் கொடுக்கலாம், விசாரணை வீடியோவிலேயே நடக்க வாய்ப்புண்டு. கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம், 50 லட்சம் வரையிலான வழக்கு எடுப்பாங்க. மறுப்பு வந்து ஒரு வருஷத்துக்குள் போகணும். பலரும் கோபத்திலேயே அந்த ஒரு வருஷத்தைக் கடத்திடறாங்க.

என் பக்கத்தில் நான் செய்தது: 2021 டிஸ்சார்ஜ் சம்மரியை வைத்து, நோட்டில் உள்ள பத்து வருஷம் என்பது தவறான பதிவு என்று திருத்தச் சான்று எழுதிக் கையெழுத்து போட்டுக் கொடுத்தேன். பழைய பக்கத்தை அடித்துத் திருத்தவில்லை, அது இன்னும் பெரிய வம்பில் முடியும். தனிச் சான்று, தேதியோடு. இருக்கிற மருந்துப் பதிவுகள், இன்சுலின் யூனிட் ஏறி ஏறி வந்த விவரம், இரண்டே இரண்டு எடை, எல்லாவற்றையும் தொகுத்து மூன்று பக்கம் எழுதினேன். எடை மெஷினுக்கு பேட்டரி என் காசில் வாங்கிப் போட்டேன். சுவரில் உயரம் அளக்க டேப் ஒட்டியாச்சு. வரிசையில் நிற்கும்போதே எங்க சிஸ்டர் எடையைப் பார்த்து நோட்டில் எழுதிடறாங்க. ஒரு ஆளுக்கு இருபது விநாடி.

சக டாக்டர்களே, உங்க நோட்டையும் கொஞ்சம் திறந்து பாருங்க. "எத்தனை வருஷம்" என்பதற்கு உறுதியாகத் தெரியாவிட்டால் ரவுண்டு எண் போடாதீங்க. "நோயாளி கூற்றுப்படி, ஆவணம் பார்க்கவில்லை" என்று நான்கு வார்த்தை சேர்த்து எழுதுங்க.

நோயாளிகளே, எடை பார்க்கச் சொன்னால் "வேண்டாங்க டாக்டர், வெக்கமா இருக்குது" என்று ஒதுங்காதீங்க. அந்த எண் நாளைக்கு உங்களுக்கு வேணும். நீங்களே கேட்டு எழுதி வாங்குங்க. டிஸ்சார்ஜ் சம்மரி, ஓ.பி. சீட்டு எல்லாவற்றையும் வாங்கின அன்றே ஒருமுறை படிங்க. தப்பு இருந்தால் அன்றைக்கே திருத்துவது ஐந்து நிமிஷ வேலை.

கேட்பீங்க என்பதால் ஊசிகளைப் பற்றியும் ஒரு வரி. 2025-ல் இந்தியாவுக்கு வந்த டிர்செபடைடு, செமாக்ளூடைடு வகை எடை குறைப்பு ஊசிகள் வேலை செய்கின்றன. ஆனால் வந்த புதிதில் மாசம் பதினான்காயிரத்துக்கு மேல் ஆனது, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பும், அட்மிட் ஆகாமல் போடும் ஊசிக்குச் சாதாரண பாலிசியில் பணம் வராது. அக்காவுக்கு அதைச் சொன்னபோது "மாசத்துக்கா, வருசத்துக்காங்க?" என்று கேட்டார்.

சான்றுகளோடு கோப்பு மீண்டும் போனது. மறைத்தீர்கள் என்ற குற்றச்சாட்டைக் கம்பெனி கைவிட்டுவிட்டது. முந்தாநாள் புதிய கேள்வி வந்திருக்கு: மனநல மருத்துவரின் மதிப்பீட்டு அறிக்கை வேண்டும். இது நியாயமான கேள்வி, அறுவைக்கு முன் செய்ய வேண்டியதுதான். அக்காவுக்குத்தான் மனசு கஷ்டமாகிவிட்டது. "எனக்குப் பைத்தியம்னு நெனைக்கறாங்களாங்க?" என்று போனில் கேட்டார். இல்லைக்கா, எல்லாருக்கும் கேட்பாங்க என்று விளக்கினேன். வியாழக்கிழமை கோவை போறாங்க.

நேற்று நோட்டைக் கொண்டு வந்திருந்தார். எடை பார்த்தோம். 86.4.

மெஷினிலிருந்து இறங்காமல் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். "கொறஞ்சிருக்குதுங்களே. இது நல்லதாங்க, கெட்டதாங்க டாக்டர்?"

பதில் வந்ததும் இதே பதிவின் கீழே எழுதறேன்.